ஓர் அங்குலத்துக்குள் ஐந்து அடி: வாசகர் கேள்வி–பதில்

ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகி, மேசையைச் சுற்றி அமர்ந்து கதையை வளர்க்கும் பாத்திரமேற்பு விளையாட்டுகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை விதிகளைப் பற்றியவை அல்ல. மேசைமேல் விரிக்கும் வரைபடத்துக்கும் அதன்மேல் நிறுத்தும் மினியேச்சர் என்னும் சிறு உருவங்களுக்கும் ஆகும் செலவைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: விடுதியில் தங்கிப் படிக்கும் நாங்கள் நால்வர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்பு விளையாட்டின் விதிகளைப் படித்து முடித்துவிட்டோம். ஆனால் காணொளிகளில் பார்க்கும் வண்ணம் தீட்டிய மினியேச்சர்களையும், கல்சுவர் எழுப்பிய பாதாள அறைகளையும் வாங்க எங்களிடம் பணம் இல்லை. அவை இல்லாமல் விளையாடினால் அரைகுறையாக இருக்குமா?

இருக்காது. இந்த விளையாட்டைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளியிட்டபோதே, உருவங்கள் கட்டாயமில்லை, போர்க்காட்சி கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதல் கையேட்டில் எழுதினார்கள். காட்டுவழிப் பயணத்துக்கென்று தனி வரைபடம் அச்சிடாமல், ஆவலான் ஹில் நிறுவனம் 1972இல் வெளியிட்டிருந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு விளையாட்டின் பலகையை எடுத்து விரித்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். கையில் இருப்பதைக் கொண்டு விளையாடுவது இந்த விளையாட்டு பிறந்த வீட்டுப் பழக்கம்.

இதற்கு இன்னும் அழகான சான்று ஒன்று உண்டு. கைகாக்ஸ் ஒருமுறை மலிவு விலைக் கடையில், வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்ற பெயரில் விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை வாங்கினார். அதில் இருந்த சில பொம்மைகள் உலகில் வாழ்ந்த எந்த விலங்கையும் ஒத்திருக்கவில்லை. அவற்றை அவர் தூக்கி எறியாமல் மேசைமேல் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் கொடுக்க, இரும்பைத் தொட்டுத் துருவாக்கும் ரஸ்ட் மான்ஸ்டரும் ஆந்தை முகக் கரடியான அவுல்பேரும் பிறந்தன. இன்று அதே உயிரிகள் நுட்பமாகச் செதுக்கப்பட்ட விலையுயர்ந்த உருவங்களாக விற்கின்றன; அவற்றின் மூதாதைகள் சில காசுகளுக்கு வாங்கிய பொம்மைகள்.

வரைபடமும் உருவமும் மூன்று கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும்: யார் எங்கே நிற்கிறார், இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம், நடுவில் மறைப்பது என்ன. பென்சிலால் கட்டம் போட்ட சார்ட் பேப்பரும் நான்கு பட்டன்களும் இந்த மூன்றையும் சொல்லிவிடும். அந்த வேலையைச் செய்யாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

டொரொன்டோவிலிருந்து ஒரு தாய்: என் மகன் பதிவிறக்கிய வரைபடத்தை வீட்டிலுள்ள பிரின்டரில் அச்சிட்டால், கட்டங்கள் அவனுடைய மினியேச்சர்களின் அடித்தட்டைவிடச் சிறியனவாக வருகின்றன. இரண்டு மை டப்பாக்கள் வீணாகிவிட்டன. எங்கே தவறு செய்கிறோம்?

பெரும்பாலும் தவறு அச்சிடும் சாளரத்தில் இருக்கும். ‘ஃபிட் டு பேஜ்’ என்ற தேர்வு முன்கூட்டியே இடப்பட்டிருந்தால், பிரின்டர் படத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கிவிடும். அதை நீக்கிவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 விழுக்காடு என்று மாற்றுங்கள். முழு வரைபடத்தையும் அச்சிடுவதற்கு முன் ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பு மையில், ‘டிராஃப்ட்’ தரத்தில் எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்: பத்துக் கட்டங்கள் சேர்ந்து 254 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒரு கட்டத்தை அளந்தால் பிழை கண்ணுக்குத் தெரியாது. பத்தை அளந்தால் மறைய முடியாது.

அந்த அளவு எங்கிருந்து வருகிறது என்பதையும் உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள், பிறகு அவனே எதையும் கணக்கிட்டுக்கொள்வான். மேசையில் ஓர் அங்குலம் என்பது கதையில் ஐந்து அடி. ஐந்து அடி என்பது 60 அங்குலம். ஆகவே அளவு விகிதம் அறுபதில் ஒன்று. சராசரி உயரமுள்ள மனிதரை அறுபதில் ஒன்றாகக் குறைத்தால் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் வருகிறது. கடைகளில் விற்கும் உருவங்கள் 28 மி.மீ. என்று குறிக்கப்படுவது இதனோடு பொருந்துகிறது. மனித அளவுள்ளவர்கள் ஒரு கட்டத்திலும், குதிரை போன்ற பெரிய உயிரிகள் இரண்டுக்கு இரண்டு கட்டத்திலும், அதற்கும் பெரியவை மூன்றுக்கு மூன்றிலும், முதிர்ந்து பருத்த டிராகன் நான்குக்கு நான்கிலும் நிற்கும்.

உங்கள் ஊரில் கிடைக்கும் லெட்டர் அளவுத் தாளில், ஓரம் விட்டது போக, எட்டுக்குப் பத்துக் கட்டங்கள் கொள்ளும். 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள மண்டபம் பன்னிரண்டுக்கு எட்டுக் கட்டம் என்பதால் இரண்டு தாள்களில் முடிந்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு: 1970களிலும் 80களிலும் வெளிவந்த சாகசப் புத்தகங்களின் வரைபடங்கள் பலவற்றில் ஒரு கட்டம் பத்து அடியைக் குறிக்கும். அவற்றை மேசைக்கு மாற்றும்போது அந்த ஒரு கட்டத்தை நான்கு கட்டங்களாக, அதாவது இரண்டுக்கு இரண்டாக, வரைய வேண்டும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் ஆறு பேர் நுழைய வேண்டிய அறையில் இருவர்கூட வாள் வீச முடியாது.

மையைப் பற்றி ஒரு சொல். புல்வெளியும் கல்தளமும் முழு வண்ணத்தில் நிறைந்த படங்கள் மையைக் குடித்துவிடும். கோட்டுருவமாக வரைந்த கறுப்பு வெள்ளை வரைபடங்களைத் தேர்ந்தெடுத்து, ஆற்றுக்கு நீலமும் தீக்கு ஆரஞ்சும் கலர் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். வட அமெரிக்காவில் விற்கும் பரிசுப் பொதித்தாள்கள் சிலவற்றின் பின்பக்கத்தில், நேராக வெட்டுவதற்காக ஓர் அங்குலக் கட்டங்கள் அச்சிட்டிருப்பார்கள். அப்படி ஒரு சுருள் கிடைத்தால் பல மாதங்களுக்கு வரைபடத்துக்குச் செலவே இருக்காது.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்: ஒவ்வொரு வாரமும் புதிய தாளில் கட்டம் போடுவது சலிப்பாக இருக்கிறது. எழுதி அழிக்கக்கூடிய வரைபடத்தைக் குறைந்த செலவில் செய்துகொள்ள வழி உண்டா?

வீட்டில் கண்ணாடி மேற்பரப்புள்ள சாப்பாட்டு மேசை இருந்தால், நீங்கள் வாங்க வேண்டியது ஒரு சார்ட் பேப்பர் மட்டுமே. அதில் ஓர் அங்குலக் கட்டங்களை ஒருமுறை பொறுமையாக வரைந்து கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். மேலே ஒயிட்போர்டு மார்க்கரால் அறையையும் கதவையும் வரைந்து, சண்டை முடிந்ததும் துணியால் துடைத்துவிடலாம். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கண்ணாடி மேசை இல்லாதவர்கள் கட்டம் போட்ட ஏ3 தாள்களை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்ளலாம். ஓரத்தை ஒட்ட வெட்டி அருகருகே வைத்தால் ஒவ்வொரு தாளிலும் பதினொன்றுக்குப் பதினாறு கட்டங்கள் கிடைக்கும்.

செசெக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் சுருட்டி வைக்கும் வினைல் விரிப்புகள் நன்கு உழைப்பவைதாம், ஆனால் அவற்றில் ஒயிட்போர்டு மார்க்கரைப் பயன்படுத்தக் கூடாது. மென்மையான வினைல் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு கறையாகிவிடும். தண்ணீரில் கரையும் ஓஎச்பி மார்க்கரால் எழுதி, ஈரத் துணியால், அன்றிரவே துடைக்க வேண்டும். சிவப்பு மையை நாள்கணக்கில் விட்டால் அதன் நிழல் தங்கிவிடும். மேசைக்கு விரிக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைக்கும் இதே விதி பொருந்தும்.

ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் சதுர அடிக் கணக்கில் கட்டணம் வாங்குவதால், மூன்றடிக்கு இரண்டடி ஃபிளெக்ஸில் முப்பத்தாறுக்கு இருபத்து நான்கு கட்டங்கள் கொண்ட நிரந்தர வரைபடம் அதிகச் செலவில்லாமல் கிடைத்துவிடும். நான் முதன்முறை கொடுத்தபோது, கடைக்காரர் நல்ல எண்ணத்தில் ஓரத்துக்கு இடம் விட்டுப் படத்தைச் சிறிது சுருக்கிவிட்டார். கட்டங்கள் ஓர் அங்குலத்துக்குக் குறைந்து, உருவங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ‘அளவு மாறக் கூடாது’ என்று தாளில் எழுதிக் கொடுப்பதும், பளபளப்பு இல்லாத ரகம் கேட்பதும் நல்லது. மின்விளக்கின் ஒளி பட்டால் பளபளக்கும் ஃபிளெக்ஸில் கோடே தெரியாது.

மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: மாணவர்களுக்காக ஒரு சிறு குழு தொடங்கியிருக்கிறேன். மினியேச்சர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவே பொருளின் விலையைத் தாண்டுகிறது. உள்ளூரில் கிடைப்பவற்றைக் கொண்டு என்ன செய்யலாம்?

ஒரு பள்ளிக் குழுவுக்குக் காகித உருவங்களுக்கு மேலான வழி எனக்குத் தெரியவில்லை. இவற்றுக்கு மதிப்புமிக்க மரபும் உண்டு: அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் 1980இலேயே ‘கார்ட்போர்டு ஹீரோஸ்’ என்ற பெயரில் அட்டை வீரர்களை வெளியிட்டது. செய்முறை எளிது. வீரரின் முன்தோற்றத்தையும் பின்தோற்றத்தையும் தலையோடு தலை சேருமாறு ஒரே பட்டையில் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் மூன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம். 200 ஜிஎஸ்எம் அளவுள்ள அட்டை போதும். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பேனாவின் முனையால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடிட்டுவிட்டு மடித்தால் அட்டை வெடிக்காது. உள்பக்கத்தில் ஃபெவிகால் மெல்லியதாகத் தடவி ஒட்டி, புத்தகங்களுக்கு அடியில் வைத்து உலர விடுங்கள். வெட்டிய பிறகு வெள்ளையாகத் தெரியும் விளிம்பைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒருமுறை தீட்டுங்கள். சில நொடி வேலைதான். ஆனால் வெட்டிய காகிதம் என்ற எண்ணமே மறைந்து, உருவம் தனித்து நிற்கும்.

நிற்க வைப்பதற்குச் சிறிய பைண்டர் கிளிப் போதும். கவ்வ வைத்த பிறகு இரண்டு கம்பிக் கைகளையும் கழற்றிவிட்டால் அதுவே பீடமாகிவிடும். கனமான பீடம் வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடையில் ஓர் அங்குல விட்டமுள்ள வாஷர்களை எடை போட்டு வாங்கி ஒட்டலாம். மின்விசிறிக் காற்றில் காகிதப்படை சாய்ந்துவிடும் நம் வகுப்பறைகளுக்கு வாஷரே ஏற்றது.

கேரம் காய்களைப் பயன்படுத்தலாமா என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அவற்றின் விட்டம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால் ஓர் அங்குலக் கட்டத்தில் அடங்காது. ஆனால் கட்டங்களை மூன்றரை சென்டிமீட்டராக வரைந்துகொண்டால் சிக்கல் தீர்ந்தது. ஓர் அங்குலம் என்பது வசதிக்காக ஏற்பட்ட வழக்கம், ஒரே மேசையில் எல்லாமே ஒரே அளவில் இருந்தால் போதும். கறுப்புக் காய்களில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டி 1, 2, 3 என்று எண் எழுதினால் எட்டுக் காப்ளின்களில் (குட்டி அரக்கர்களில்) எதற்கு எத்தனை அடி விழுந்தது என்ற குழப்பமும் வராது. எட்டுக் காப்ளின்களுக்கு எட்டுச் சிற்பங்கள் வாங்கிய குழுக்களிலும் இந்த எண் இல்லாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போதாவது கையில் பணம் சேர்ந்தால், அரக்கர்களுக்குச் செலவழிக்காமல், மாணவருக்கு ஓர் உருவம் என்ற கணக்கில் வீரர்களுக்கு வாங்குங்கள். அரக்கன் ஒரு மாலையில் வந்து வீழ்ந்து போவான். வீரன் ஆண்டு முழுவதும் அந்த மாணவரின் கையில் இருப்பான். 72இல் ஒன்று அளவில் விற்கும் மென்பிளாஸ்டிக் போர்வீரர் பெட்டி கிடைத்தால் அதையும் விட வேண்டாம். மனித உருவம் ஏறத்தாழ 24 மி.மீ. உயரம் வரும், சற்றுச் சிறியதாக இருந்தாலும் கட்டத்தில் கச்சிதமாக நிற்கும்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: மலிவாகக் கிடைத்த வண்ணம் தீட்டாத பிளாஸ்டிக் உருவங்களுக்கு முதல் பூச்சாக ஸ்பிரே பிரைமர் அடித்தேன். மூன்று வாரமாகியும் கையில் ஒட்டுகிறது. கெட்டுப்போன பெயின்ட்டா?

பெயின்ட் கெட்டுப்போனதாக இருக்க வேண்டியதில்லை. மினியேச்சர் தயாரிக்கும் ரீப்பர் நிறுவனம் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாக 34 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தன் ‘போன்ஸ்’ வரிசையைப் பெருக்கியதிலிருந்து, வளையும் தன்மையுள்ள பிவிசி உருவங்கள் எங்கும் பரவின. விலை குறைந்ததற்கு அந்தப் பொருளே காரணம். ஆனால் சில ஸ்பிரேக்களிலுள்ள கரைப்பான் அதனோடு வினைபுரிந்து மேற்பரப்பைக் காயவே விடாது. இருக்கும் பிசுபிசுப்பின்மேல் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசிப் பாருங்கள், பல நேரங்களில் அடங்கிவிடும். அடுத்த உருவத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி உலர்த்தி, தண்ணீர் அதிகம் கலக்காத அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையாலேயே முதல் பூச்சாகப் பூசுங்கள். வளைந்துபோன ஈட்டியையும் வாளையும் சுடுநீரில் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நிற்கும்.

விலையுயர்ந்த வண்ணக்குப்பிகள் தேவையில்லை. தோல், துணி, உலோகம் ஆகிய மூன்றுக்கும் மூன்று நிறம் தீட்டிவிட்டு, நீர்த்த பழுப்பு நிறத்தை உருவம் முழுவதும் ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். காய்ந்ததும், கிட்டத்தட்ட வண்ணம் முழுவதும் துடைத்த தூரிகையால் மேடான இடங்களை மட்டும் வெளிர்நிறத்தால் தடவுங்கள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தெரியாது.

பெங்களூரிலிருந்து இரு நண்பர்கள்: முப்பரிமாண அச்சுப்பொறி வாங்கினால் உருவங்களுக்கான செலவு குறையுமா?

எத்தனை உருவங்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்குப் பத்து உருவங்கள் போதுமென்றால், கோப்பைக் கொடுத்து அச்சிட்டுத் தரும் கடையில் செய்துகொள்வதே மலிவு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பொறி சுவர், கதவு, படிக்கட்டு, மரப்பீப்பாய் ஆகியவற்றுக்குச் சிறந்தது. முகமும் விரலும் அதில் தெளிவாக வருவது கடினம். திரவப் பிசினை ஒளியால் இறுகச் செய்யும் பொறி கண்ணிமை வரைக்கும் காட்டும். ஆனால் இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. நைட்ரைல் கையுறை, காற்றோட்டமுள்ள தனி இடம், கழுவுவதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், கழுவிய திரவத்தை வடிகாலில் கொட்டாமல் இறுகவைத்து அப்புறப்படுத்தும் ஒழுங்கு ஆகிய எல்லாம் வேண்டும். படுக்கையறையும் சமையலறையும் ஒட்டியிருக்கும் சிறு வீட்டில் அந்தப் பொறியை வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒருவர்: தெர்மகோலில் குகைச்சுவர் செய்து ஸ்பிரே அடித்தேன், உருகிவிட்டது.

ஸ்பிரேயின் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். முதலில் அக்ரிலிக் வண்ணத்தோடு ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு பூசி, இடைவெளியின்றி மூடிவிடுங்கள். சுவரை ஓர் அங்குல உயரத்துக்கு மேல் எழுப்பாதீர்கள். எதிரில் இருப்பவருக்குத் தன் வீரன் தெரிய வேண்டும்.

லண்டனிலிருந்து ஒரு தந்தை: 1980களின் உலோக மினியேச்சர்கள் ஒரு பெட்டி நிறையப் பழைய பொருள் சந்தையில் கிடைத்தன. ஆறு வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்து உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. நீங்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள், தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள், மேற்பரப்பு முழுவதையும் பிரைமரும் வண்ணமும் வார்னிஷும் கொண்டு மூடிவிடுங்கள். மகளுக்குக் காகித வீரர்களை அவளே வரைந்துகொள்ளட்டும்.

தஞ்சாவூரிலிருந்து, கதையை நடத்தும் ஒரு டன்ஜன் மாஸ்டர்: வரைபடம் விரித்த நாளிலிருந்து விளையாடுபவர்கள் கட்டங்களை எண்ணுவதிலேயே நேரத்தைக் கழிக்கிறார்கள். தீப்பந்து மந்திரம் யார் யாரைத் தொடும் என்று கால் மணி நேரம் வாதாடுகிறார்கள். வரைபடத்தை எடுத்துவிடலாமா?

எல்லாக் காட்சிக்கும் விரிக்காதீர்கள். சத்திரத்தில் நடக்கும் பேச்சுக்கும், ஒரே எதிரியோடு நடக்கும் சிறு கைகலப்புக்கும் வாய்ச்சொல்லே போதும். மூன்று திசைகளிலிருந்து எதிரிகள் வரும்போதும், பாலம், பள்ளம், மறைவிடம் ஆகியவை முடிவை மாற்றும்போதும் மட்டும் விரியுங்கள். முழு வரைபடத்தையும் ஒரேயடியாகக் காட்டாமல், போகாத அறைகளைப் பழைய செய்தித்தாள் துண்டுகளால் மூடி வைத்து, கதவு திறக்கும்போது ஒவ்வொன்றாக எடுங்கள். கண்கள் கட்டத்தை விட்டுக் கதவுக்குப் போகும்.

வாதத்தைத் தீர்க்க அளவு வளையங்களை முன்கூட்டியே செய்து வையுங்கள். தீப்பந்தின் ஆரம் இருபது அடி என்றால் மேசையில் அது எட்டங்குல விட்டமுள்ள வட்டம். கட்டுக்கம்பியை அந்த அளவுக்கு வளைத்து முனைகளை முறுக்கிவிட்டால், உருவங்களை நகர்த்தாமலே மேலிருந்து வைத்துப் பார்க்கலாம். பத்தடி ஆரத்துக்கு நான்கங்குல வளையம் வேண்டும். ஐந்தடி ஆரத்துக்கு இரண்டங்குலம்; 2.4 அளவு வளையலின் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். உருவத்தின் பீடத்தில் பாதிக்கு மேல் வளையத்துக்குள் இருந்தால் தொட்டது, இல்லையென்றால் தொடவில்லை என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.